முதலில் தண்ணீர், கடைசியில் மாடு

பெங்களூர் நீலசந்திராவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இந்த நெருக்கத்துக்குள்ளும் மொட்டை மாடி மூலையில் நாலு கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், பக்ரீத் நெருங்கும்போது வாசலில் ஆடு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் தாத்தாவோ பாட்டியோ வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். மாட்டுக் கொட்டகையின் வாசனை அவர்கள் பேச்சில் இன்னும் இருக்கிறது. அதனால் ஒரு கட்டத்தில் பல வீடுகளில் ஒரே ஆசை எழுகிறது: ஊருக்கு வெளியே பழைய வீடு ஒன்றை வாங்கிச் சரிசெய்து கொள்ளலாம், கூடவே கொஞ்சம் நிலம், ஒரு மாடு, நாலு ஆடு, பத்துக் கோழி.

ஆசை நல்லது. அதை நிறைவேற்றும் வரிசைதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. வீடு வாங்கிய மகிழ்ச்சியில் முதல் மாதமே மாடு வந்துவிடுகிறது. தண்ணீர் எவ்வளவு என்று தெரியாது, தீவனம் விதைக்கவில்லை, கூரை ஒழுகுகிறது. ஆறு மாதத்தில் மாட்டை விற்று, வீட்டைப் பூட்டிவிட்டு, நகரத்துக்குத் திரும்ப வேண்டியதாகிறது. அந்த இழப்பைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தத் திசையில் தேடுவது

நீலசந்திராவிலிருந்து ஆடுகோடி வழியாக ஓசூர் சாலை கைக்கெட்டும் தூரம். அந்தச் சாலையில் அத்திப்பள்ளி வரை கர்நாடகம். அதைத் தாண்டினால் தமிழ்நாட்டின் ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரி. சாலையிலிருந்து மேற்கே திரும்பினால் ஆனேக்கல். கிழக்கே போனால் மாலூர், கோலார், தங்கவயல். பழைய ஓட்டு வீடும் நிலமும் சேர்ந்து கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதாம்.

மாநில எல்லை ஒரு கோடுதான், ஆனால் அதைத் தாண்டினால் பல விஷயங்கள் மாறும். அவற்றில் முதலாவது நிலத்தின் அளவு. தமிழ்நாட்டில் சென்ட், கர்நாடகத்தில் குண்டே. ஒரு ஏக்கர் 100 சென்ட். அதே ஏக்கர் 40 குண்டே. ஒரு குண்டே என்பது இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி. விலை பேசும்போது இந்தக் குழப்பம் பெரிய தொகையில் போய் முடியும்.

அடுத்தது பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். பெங்களூரில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்ந்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் ஓசூருக்கு மாற்றினால், மூன்றே ஆண்டுக்குள் தமிழில் பொதுத்தேர்வு எழுத வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் எழுதுவது வேறு உழைப்பு. கர்நாடகத்துக்குள்ளேயே மாலூருக்கோ ஆனேக்கலுக்கோ போனால் இந்தச் சிக்கல் இல்லை. பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குள் இருந்தால் எந்தப் பக்கமும் போகலாம். அதற்கு மேல் என்றால் பள்ளியை முடிவு செய்துவிட்டு நிலத்தைத் தேடுங்கள்.

லீஸ் பணம்: கையில் இருப்பதுபோல் தெரியும், இருக்காது

நீலசந்திராவில் பல குடும்பங்கள் மாத வாடகைக்கு இல்லை, லீஸுக்கு இருக்கின்றன. மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. புது வீட்டுக்கு இதுதான் முதல் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள்.

அந்தப் பணம் வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் கைக்கு வரும். உரிமையாளர் அடுத்த குடியைப் பிடித்து, அவரிடம் வாங்கித்தான் பெரும்பாலும் உங்களுக்குத் தருவார். ஆக, கிரயப் பத்திரத்துக்குப் பணம் வேண்டும் என்கிற நாளும் லீஸ் பணம் வருகிற நாளும் ஒன்றாக அமைவது அரிது. ஒழுகும் வீட்டைச் சரிசெய்யும் மாதங்களில் தங்க ஓர் இடமும் தேவை. எனவே லீஸ் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே உரிமையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். லீஸ் பணத்தை வாங்கும் செலவில் சேர்க்காமல், பழுது பார்க்கும் செலவுக்கு என்று தனியாக வையுங்கள். என் கணக்கில், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு, பத்திரம் முடிந்த பிறகும் கையில் நிற்க வேண்டும். பழைய வீடு சுவரைத் தட்டிய பிறகுதான் தன் உண்மையான செலவைச் சொல்லும்.

காகிதங்கள்

கர்நாடகத்தில் விவசாயக் குடும்பத்தைச் சேராதவர்கள் விவசாய நிலம் வாங்கப் பல ஆண்டுகள் தடை இருந்தது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79-ஏ, 79-பி பிரிவுகள் 2020-இல் நீக்கப்பட்ட பிறகு அந்தத் தடை இல்லை. தமிழ்நாட்டில் இப்படியொரு தடை இல்லை.

கர்நாடகப் பக்கம் வாங்கினால் பார்க்க வேண்டியவை: பஹணி எனப்படும் ஆர்.டி.சி., பெயர் மாற்றப் பதிவு, சர்வே வரைபடம், வில்லங்கச் சான்று. வீடு கிராம பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் இ-சொத்துப் பதிவின் 9-ஆம், 11-ஆம் படிவங்கள். இவை இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம். இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள்: இந்த நிலம் எப்போதாவது அரசு பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு வழங்கியதா? அப்படி வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் விற்பதை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்கக் காலவரம்பு இல்லை என்று 2023-இல் வந்த திருத்தம் சொல்கிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் பட்டா, அ-பதிவேடு, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பாருங்கள். வீடு நத்தத்தில் இருக்கிறதா, புறம்போக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை அ-பதிவேடும் புலப்படமும் சேர்ந்து சொல்லும். இங்கேயும் அதே கேள்வி உண்டு. பிரிட்டிஷ் அரசு 1892-இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலம் பல கிராமங்களில் இருக்கிறது. அதை மற்றவர்கள் வாங்கினால் சட்டப்படி நிற்காது. இது சட்டச் சிக்கல் மட்டுமல்ல, நியாயத்தின் கேள்வியும்கூட. ஒரு குடும்பத்துக்கு நிலம் கிடைக்கட்டும் என்று கொடுத்ததை இன்னொரு குடும்பம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கக் கூடாது.

மாநிலம் எதுவானாலும் முன்பணம் கொடுக்கும் முன் சர்வேயரை வைத்து எல்லைக்கல் அளந்து பாருங்கள். பாதை யாருடையது என்று கேளுங்கள். தீவன வண்டி வர முடியாத வீட்டில் மாடு வளர்க்க முடியாது.

தண்ணீர்

நீலசந்திரா, பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா என்று பெங்களூரைச் சுற்றி எத்தனையோ ஊர்ப்பெயர்கள் இப்படி முடிகின்றன. ‘சமுத்திரம்’ என்பதுதான் தேய்ந்து ‘சந்திரா’ ஆனது என்று விளக்கம் சொல்வார்கள். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைத்து, அதன் கரையில் ஊரை அமைத்தார்கள். நம் முன்னோர் ஊர் அமைத்த வரிசையே அதுதான்: நீர் முதலில், வீடு பிறகு.

ஒரு கறவை மாடு குடிக்க மட்டும் நாளுக்கு 40 முதல் 60 லிட்டர் வேண்டும். கழுவவும் கொட்டகை சுத்தம் செய்யவும் சேர்த்தால் 100 லிட்டர். ஓர் ஆட்டுக்கு 4 முதல் 6 லிட்டர். பத்துக் கோழிக்கு 3 லிட்டர். இதோடு தீவனப் பயிருக்கும் நீர் பாய வேண்டும். நீலசந்திராவில் காவிரித் தண்ணீர் வராத நாளில் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம். கிராமத்தில், பசும்புல்லுக்கு லாரித் தண்ணீர் ஊற்றி எந்தக் குடும்பமும் நிலைக்காது.

கோலார், பெங்களூர் ஊரகப் பகுதிகளில் ஆயிரம் அடிக்கு மேல் துளைத்தும் ஆழ்துளைக் கிணறு வறண்ட கதைகள் ஏராளம். அதனால் விற்பவர் மோட்டாரைப் போட்டுக் காட்டும் பத்து நிமிடத்தை நம்பாதீர்கள். தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் கோடையில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்று கேளுங்கள். மின் இணைப்பு யார் பெயரில், விவசாய இணைப்பா, வீட்டு இணைப்பா என்று பாருங்கள்.

தண்ணீரின் அளவு தெரிந்த பிறகு அதன் தரம். கோலார், சிக்கபள்ளாப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் நோய்த் தணிப்பு என்ற நோக்கமும் இருக்கிறது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். அதைத் தாண்டினால் பிள்ளைகளின் பல் பழுப்பேறும். ஆண்டுகள் போகப்போக எலும்பும் இறுகும். மாடுகளுக்கும் இதே பாதிப்பு உண்டு. ஒரு பாட்டில் நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கும் செலவு மிகச் சிறியது.

ஏரியை ஒட்டிய நிலம் என்றால் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. நீலசந்திராவை ஒட்டிய கோரமங்கலா பள்ளத்தாக்கின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, 2018 முதல் குழாய் வழியே கோலார் மாவட்ட ஏரிகளை நிரப்புகிறது. வறண்ட ஏரிகள் நிரம்பியதும் நிலத்தடி நீர் ஏறியதும் உண்மை. ஆனால் அது குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்த நீர் இல்லை. ஓசூர் பக்கம் தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்படிப்பட்ட நீருக்கு அருகில் கிணறு இருந்தால், கிருமிச் சோதனையும் சேர்த்துச் செய்த பிறகே குடிக்கவும் மாட்டுக்குக் காட்டவும் வேண்டும்.

ஓட்டுக் கூரை இருப்பதில் ஒரு வசதி, மழைநீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால், வீணாவது போகச் சுமார் 59,000 லிட்டர் பிடிக்கலாம். ஒரு மாட்டின் குடிநீரை ஓராண்டு முழுக்க ஈடுகட்ட அது தாராளமாகப் போதும்.

கடைசியாக, நிலத்தில் கைவிட்ட ஆழ்துளைக் குழி இருக்கிறதா என்று ஒவ்வொரு மூலையிலும் தேடுங்கள். 2019-இல் திருச்சி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு குழியில் விழுந்து இறந்ததை நாடே பார்த்துக் கலங்கியது. குழி இருந்தால், குடிபோகும் முன் மண்ணும் கல்லும் போட்டு நிரப்பி, மேலே மூடுங்கள். இதை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வீடு

பழைய வீட்டை இரண்டு பருவத்தில் பாருங்கள். சித்திரையில் கிணற்றைப் பார்க்க வேண்டும், ஐப்பசியில் கூரையைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் அடைமழை நாளில் போங்கள். சுவரில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது, ஓடு எங்கே ஒழுகுகிறது, முற்றத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வீடே காட்டிக்கொடுக்கும்.

இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் மண் சுவர், கல் சுவர், நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, கருங்கல் பலகைக் கூரை என்று பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மண் சுவருக்கு வெளியே சிமென்ட் பூசுவதுதான் பலரும் செய்கிற தவறு. மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, காற்றில் விட்டு, தானே உலரும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே தேங்கி மண் குழைந்து, சில ஆண்டில் பூச்சோடு சேர்ந்து சுவர் உதிரும். சுண்ணாம்புப் பூச்சோ மண் பூச்சோதான் அதற்கு ஏற்றது. இடிந்த பகுதியைத் திரும்பக் கட்ட, அந்த இடத்து மண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய மண் கற்களைப் பயன்படுத்தலாம். கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய ‘அஸ்த்ரா’ மையம் பல ஆண்டுகள் ஆராய்ந்து பரப்பிய முறை இது. சூளை வேண்டாம், விறகு வேண்டாம்.

மரச்சட்டங்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கரையான் உள்ளே இருந்தால் முனை புதையும். ஓடுகளை மாற்றும் முன் சட்டத்தை மாற்ற வேண்டும். கருங்கல் பலகையில் குறுக்கே விரிசல் இருந்தால் பூசி மறைக்காதீர்கள்; அந்தப் பலகையை மாற்ற வேண்டும், அதுவரை கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். சுவரில் மயிரிழை விரிசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும், விரல் நுழையும் விரிசல் அஸ்திவாரம் இறங்குவதன் அடையாளம். அதைப் பொறியாளரிடம் காட்டிய பிறகே விலை பேசுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குத் தீராத கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும்.

வேலையின் வரிசை இது: கூரை, வடிகால், மின்சாரம், கழிப்பறை, சமையலறை. தரை ஓடும் வண்ணமும் அடுத்த ஆண்டுக்கு. பழைய வயரிங்கை முழுதும் எடுத்துவிட்டு, எர்த்திங் போட்டு, கசிவு மின்சாரத்தில் தானாக அணையும் சுவிட்ச் வையுங்கள். மாட்டுக் கொட்டகைக்கும் அது வேண்டும். ஈரத் தரையில் நிற்கும் மாடு சிறு கசிவுக்கும் செத்துவிழும். கழிவறைக் குழியும் சாணக் குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும்.

தீவனம்

வீட்டு வேலை நடக்கும்போதே தீவனத்தை நட்டுவிடுங்கள். கம்பு நேப்பியர் புல்லின் கோ-4, கோ-5 ரகங்களைக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கரணை நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு. பிறகு 45 நாளுக்கு ஒரு முறை. நன்றாக நீர் பாய்ந்தால் 10 சென்ட் நிலம் ஒரு மாட்டின் பசுந்தீவனத்துக்குப் போதும். வீடு சரியாக மூன்று மாதம் என்றால், புல்லும் அதே மூன்று மாதத்தில் தயாராகும்.

400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு நாளுக்குப் பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, வைக்கோலோ கேழ்வரகுத் தட்டோ 5 கிலோ வேண்டும். அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 400 கிராம். 8 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் வரும். செலவில் பெரும்பங்கு இதுதான். வேலிமசால், அகத்தி, முருங்கை, மல்பெரி ஆகியவற்றை வேலி ஓரம் நட்டால் புரதம் வீட்டிலேயே கிடைக்கும், கடைத் தீவனம் குறையும். ஓர் எச்சரிக்கை: பூக்காத இளஞ்சோளத்தில் நஞ்சு இருக்கும். பூத்த பிறகே அறுத்துப் போடுங்கள்.

கற்றுக்கொள்ளும் இடங்கள்

நீலசந்திராக்காரர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு, பக்கத்திலேயே ஆடுகோடி இருப்பது. அங்கேதான் 1923-இல் பிரிட்டிஷ் அரசின் கால்நடை, பால்வள நிறுவனம் தொடங்கியது. 1927-இல் உடல்நலம் தேறப் பெங்களூர் வந்த காந்தி, இங்கே வந்து மாடு வளர்ப்பைக் கற்றார். வருகைப் பதிவேட்டில் தன்னைச் சபர்மதி விவசாயி என்று குறித்தார். பின்னாளில் ஆனந்தில் பால் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியனும் வெளிநாடு போகும் முன் பயிற்சி பெற்றது இங்கேதான். 1955-இல் தலைமையகம் கர்னாலுக்குப் போனாலும், தேசியப் பால்வள ஆராய்ச்சிக் கழகத்தின் தென்மண்டல நிலையமாக அது இன்றும் ஆடுகோடியில் இருக்கிறது. அதை ஒட்டியே தேசியக் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனமும் இருக்கிறது. ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழி வளர்ச்சி நிறுவனம், ஓசூர் மத்திகிரியில் அரசுக் கால்நடைப் பண்ணையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரியும் உள்ளன. வீட்டைக் காலி செய்யும் முன், இவற்றில் ஒன்றில் பயிற்சி எப்போது நடக்கிறது என்று விசாரித்துக் கலந்துகொள்ளுங்கள். நாடு தழுவிப் பேர் வாங்கிய பிறகும் காந்தி மாணவராகப் போய் உட்கார்ந்த இடம் அது. நமக்கும் அந்தப் பணிவு வேண்டும்.

கோழி, ஆடு, மாடு: இந்த வரிசையில்

குடிபோன முதல் மூன்று மாதம் எந்த விலங்கும் வேண்டாம். அடுத்து வர வேண்டியது கோழி. பத்துக் கோழி போதும். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும், தானே அடைகாக்கும். பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய கிரிராஜா 130, 150 முட்டை வரை இடும், ஆனால் அடைகாக்காது. கோழி வளர்ப்பில் குடும்பம் கற்கும் பாடம் ஒன்றுதான்: ஒவ்வொரு மாலையும் கூட்டை அடைக்க யாராவது வீட்டில் இருக்க வேண்டும்.

ஆறு மாதம் அது தடையின்றி நடந்தால் மூன்று பெட்டை ஆடு வாங்கலாம். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு உரிய சேலம் கருப்பு இந்த வெயிலுக்கும் மேய்ச்சலுக்கும் பழகியது. ஓர் ஆட்டுக்குக் கொட்டகையில் 10 முதல் 12 சதுர அடி, தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

ஓர் ஆண்டு நிறைந்த பிறகு மாடு. ஹள்ளிகர் இந்த மண்ணின் மாடு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும், ஆனால் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பால் குறைவு. குடும்பத்துக்குப் பாலும் வேண்டும், கொஞ்சம் விற்கவும் வேண்டும் என்றால் ஜெர்சி கலப்பினம் பொருந்தும். முதல் ஈற்றோ இரண்டாம் ஈற்றோ ஆன மாட்டை, இரண்டு வேளை நேரில் கறந்து பார்த்து வாங்குங்கள். ஒரு மாட்டுக்குக் கூரையின் கீழ் 40 சதுர அடியும் திறந்த இடம் அதைப்போல் இரண்டு மடங்கும் வேண்டும். தரை சொரசொரப்பாக, கோமியம் வடியும் சரிவோடு இருக்கட்டும்.

ஒரே மாடு ஆண்டு முழுதும் பால் தராது. கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை நிறுத்த வேண்டும். அந்த நாட்களிலும் தீவனச் செலவு உண்டு. உபரிப் பாலை ஊற்ற, கர்நாடகத்தில் நந்தினி, தமிழ்நாட்டில் ஆவின் சார்ந்த கிராமச் சங்கம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா என்று வீடு வாங்கும்போதே பாருங்கள்.

மாட்டைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் ஆள்தான். காலை ஐந்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கறவை. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, கல்யாண வீடு கிடையாது. அப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தால், அந்த வேலை முழுதும் அம்மா தலையிலோ பாட்டி தலையிலோ விழும். வாங்கும் முன் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதுவே முடிவாக இருக்க வேண்டும்.

நோயும் காட்டு விலங்கும்

மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அரசு இலவசமாகப் போடுகிறது, காதில் 12 இலக்க அடையாள வில்லையும் மாட்டுகிறது. 2022-இல் வட மாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்ற தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி உண்டு. ஆட்டுக்கு ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி ஊசிகள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தை முதல் வாரத்திலேயே கொடுக்க வேண்டும். கிடாரிக் கன்றுக்கு நாலு முதல் எட்டு மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒரு முறை. இந்த நோய் காய்ச்சாத பால் வழியே மனிதருக்கும் வரும் என்பதால் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். அவசரத்துக்கு இரண்டு மாநிலத்திலும் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

மாநில எல்லை தாண்டி மாடு கொண்டுபோவதானால் கால்நடை மருத்துவரின் சான்றும் வாங்கிய ரசீதும் கையில் இருக்கட்டும். கர்நாடகத்தில் 2021 முதல் நடைமுறையில் உள்ள மாட்டினப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது. என்ன அனுமதி தேவை என்று முன்கூட்டியே கால்நடைத் துறையில் கேட்டுவிடுங்கள்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, ஆனேக்கலின் காட்டோரக் கிராமங்கள் பன்னேர்கட்டாவிலிருந்து காவிரிக் காடுவரை நீளும் யானை வழித்தடத்தை ஒட்டியவை. கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைகள் இறங்கும். சிறுத்தை ஆட்டுக் கொட்டகையைத் தேடி வரும். காட்டிலிருந்து தள்ளிய நிலமே குடும்பத்துக்கு ஏற்றது. அப்படியும் அங்கே இருக்க நேர்ந்தால் இரவில் ஆடு, கன்று எதையும் வெளியே கட்டாதீர்கள். கொட்டகையின் நாலு பக்கமும் மேற்புறமும் கம்பி வலையால் அடையுங்கள். வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சுவது யானையையும் கொல்லும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கொல்லும்; அது குற்றமும்கூட.

முடிவாக

1882-இல் மைசூர் மகாராஜா, ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிலத்தில் குடியேறிப் பயிர் செய்து வாழட்டும் என்று பெங்களூருக்குக் கிழக்கே 3,900 ஏக்கர் கொடுத்தார். அதுதான் ஒயிட்ஃபீல்டு. இன்று அங்கே கணினி நிறுவனங்களின் கட்டடங்கள் நிற்கின்றன. நகரத்தை ஒட்டிய நிலத்தின் மேல் விலையின் அழுத்தம் எப்போதும் இருக்கும். நிலத்தோடு ஒட்டிய வாழ்க்கை ஒரு குடும்பத்துக்கு நிலைக்க வேண்டுமானால், அந்த நிலம் அவர்களுக்குச் சோறும் நீரும் தந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதனால்தான் இந்த வரிசை: காகிதம், தண்ணீர், கூரை, தீவனம், கோழி, ஆடு, மாடு. இதில் ஒரு படி சரியாக அமையாவிட்டால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள், அடுத்த படிக்குப் போகாதீர்கள். பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். நாம் அவசரப்பட்டு வாங்கிய மாடு தாகத்தோடு நம் முகத்தைப் பார்த்து நிற்கும்போது, அதற்குச் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. அது வரும் நாளில் தொட்டியில் தண்ணீரும் வரப்பில் புல்லும் தயாராக இருக்கட்டும்.